மலையில் ஒரு பிள்ளையைக் கல்லூரி வரை கூட்டிப்போக

நீலகிரியில் பந்தலூர், தேவாலா, சேரம்பாடி பக்கம் ஜூலை என்றாலே மழைதான். ஒரு வாரம் விடாமல் ஊற்றும். மரம் விழும், கரண்ட் போகும், கொஞ்ச நேரத்தில் டவரும் போய்விடும். பொறியியல் கலந்தாய்வு தொடங்குவதும் பெரும்பாலும் அதே ஜூலையில்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு மழையில், எங்கள் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் இருந்த ஒரு பெண்ணுக்குக் கோவையில் நல்ல கல்லூரி ஒன்று ஒதுக்கீடாகியிருந்தது. இரண்டு நாளுக்குள் இணையத்தில் உள்ளே போய் அதை உறுதி செய்ய வேண்டும். பாஸ்வேர்டு மறந்துவிட்டது. புது பாஸ்வேர்டுக்கான ஓடிபி அப்பாவின் எண்ணுக்குப் போகிறது. அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிஃப்டில் இருக்கிறார், உள்ளே போன் கூடாது. சிக்னல் கிடைக்கும் வளைவில் நானும் அவளும் ஒரே குடையில் நின்றோம். அவர் ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்து எண்ணைப் படித்துச் சொன்னபோது நேரம் கடந்து இருபது நிமிடம் ஆகிவிட்டது. 200க்கு 180க்கு மேல் கட்ஆஃப் வைத்திருந்த பிள்ளை. அந்த ஆண்டு வேறு வழியில்லாமல் ஒரு கலைக் கல்லூரியில் சேர்ந்தாள்.

பிள்ளைகளைக் கல்லூரி வரை கூட்டிப்போகும் இந்த வேலைக்கு நான் புதிதாக வந்த ஆண்டு அது. பதிவு செய்யும்போதே கையில் இருக்கும் போனின் எண்ணைக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. உங்களுக்கு நான் சொல்கிறேன். டிகிரி முடித்துவிட்டு லைனுக்குத் திரும்பி வந்த அண்ணன் அக்காக்கள், கீழேயிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பவர்கள், எல்லாருக்கும் சேர்த்துத்தான் இது. மார்க் எடுக்க எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். அவர்கள் கையிலிருந்து சீட் நழுவுவதை நான் பார்த்தது பெரும்பாலும் தேதியிலும் சான்றிதழிலும்தான்.

முதலில் ஒரு நோட்டு

ஒரு பிள்ளைக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். முதல் பக்கத்தில் பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பள்ளிப் பதிவிலும் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்து எழுத்தாக எழுதுங்கள். இன்ஷியல் முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்பது உட்பட. பிறந்த தேதி, எமிஸ் எண் (பள்ளிப் பிள்ளை ஒவ்வொருவருக்கும் அரசு கொடுக்கும் எண்), ஆறாம் வகுப்பிலிருந்து எந்த வகுப்பை எந்தப் பள்ளியில் படித்தது, வீட்டில் யார் போன் எப்போதும் வீட்டில் இருக்கும், இவ்வளவும் அந்தப் பக்கத்தில் வந்துவிட வேண்டும்.

எந்தப் பள்ளி என்பதை ஏன் கேட்கிறேன் என்றால், 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். 2020இல் மருத்துவத்துக்கு வந்தது, 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் நீட்டினார்கள். இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. எங்கள் பக்கம் எல்லையோரப் பிள்ளைகள் ஓரிரு வருடம் வயநாட்டில் படித்துவிட்டுத் திரும்பி வருவார்கள். அந்த ஓர் ஆண்டு போதும், ஒதுக்கீடு கை விட்டுப் போய்விடும். எட்டு முதல் பன்னிரண்டு வரையில் ஏதாவது ஒரு வகுப்பை வெளிமாநிலத்தில் படித்திருந்தால் பொறியியல் கலந்தாய்வுக்கு இருப்பிடச் சான்றும் வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளையை அங்கே மாற்றலாமா என்று யாராவது கேட்டால், இதைச் சொல்லிவிட்டு அப்புறம் அவர்கள் விருப்பத்துக்கு விடுங்கள்.

இரண்டாவது பக்கம் பேச்சுக்கு. 'என்ன ஆகப் போறே?' என்று கேட்காதீர்கள். டாக்டர், போலீஸ், கலெக்டர் என்று மூன்றில் ஒன்று வரும், இல்லாவிட்டால் தலையைக் குனிந்துகொள்ளும். எந்தப் பாடத்தில் கூடப் படிக்கும் பிள்ளைகள் உன்னிடம் சந்தேகம் கேட்கிறார்கள் என்று கேளுங்கள். வீட்டை விட்டு விடுதியில் தங்க முடியுமா, ரத்தம் பார்த்தால் மயக்கம் வருமா, வீட்டில் யார் சொன்னால் அப்பா கேட்பார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கான பதில் நிறைய நேரம் தாய்மாமாவாகவோ, எஸ்டேட்டில் கங்காணியாக இருந்த தாத்தாவாகவோ இருக்கும். அவரை ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அம்மாக்கள் கொழுந்து எடை போட்டு வீடு வந்து சேர மாலையாகிவிடும். நீங்கள் போய் உட்கார்ந்ததும், 'எனக்கு என்னங்க சார் தெரியும், நீங்களே பார்த்துச் செஞ்சு விடுங்க' என்பார்கள். அப்படி முழுப் பொறுப்பையும் வாங்கிக்கொள்ளாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் ஃபைலை அவர்கள் கையில் கொடுத்து, 'அம்மா, இதில் இருக்கும் தாள் எதுவும் உங்களைக் கேட்காமல் வெளியே போகக் கூடாது' என்று சொல்லுங்கள். நான் சொல்லிக் கொடுத்த ஒரு அம்மா அந்த ஃபைலை அரிசி டிரம்முக்குள் வைத்திருந்தார். லைன் வீட்டில் ஓடு ஒழுகினாலும் நனையாத ஒரே இடம் அதுதானாம். அதற்கு மேல் என்ன பத்திரம் வேண்டும்?

எட்டு, ஒன்பது, பத்து

எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ் என்ற கல்வி உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள் எழுதலாம். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வரும். அடுத்தது முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு, எந்த வகுப்பில் என்று பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள். அதில் தேர்வானால் ஆண்டுக்கு 10,000 ரூபாய், டிகிரி முடிக்கும்வரை. ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணக்கு, அறிவியல், சமூக அறிவியலிலிருந்துதான் கேட்பார்கள். பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஓஎம்ஆர் தாளில் வட்டம் நிரப்பிப் பழக இதைவிட நல்ல இடம் இல்லை.

பத்து முடிந்ததும் குரூப் எடுக்கும் விஷயம். மலையில் எல்லா மேல்நிலைப் பள்ளியிலும் எல்லா குரூப்பும் கிடையாது. அதனால் பிள்ளை தனக்குப் பிடித்ததை எடுக்காமல் பக்கத்துப் பள்ளியில் இருப்பதை எடுத்துவிடும். கணக்கு, இயற்பியல், வேதியியல் இருந்தால்தான் பொறியியலுக்கு வழி. உயிரியல் இருந்தால் மருத்துவம், நர்சிங், மருந்தியல், வேளாண்மை. பயோ மேத்ஸ் எடுத்தால் இரண்டுமே திறந்திருக்கும், ஆனால் சுமை அதிகம். கணக்கில் தடுமாறும் பிள்ளையை அதில் தள்ளாதீர்கள். காமர்ஸ் என்றால் மட்டம் என்று இங்கே ஒரு நினைப்பு இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. கணக்குப்பதிவியல் நன்றாக வரும் பிள்ளைக்கு பி.காம்., சி.ஏ. என்று போக நல்ல பாதை அது. பாலிடெக்னிக்கும் அப்படித்தான். பத்து முடித்து மூன்று ஆண்டு டிப்ளமோ, அதற்குமேல் நேராக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

தாள்களை மழைக்கு முன் முடியுங்கள்

இதைத்தான் நான் அதிகம் வலியுறுத்துவேன். பதினொன்று முடிந்து வரும் ஏப்ரல், மே மாதத்தில் சான்றிதழ் வேலையைத் தொடங்கிவிடுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்தபிறகு இ-சேவை மையத்தில் நின்றால், உங்களுக்கு முன் ஊரே நிற்கும்.

வேண்டியவை சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, தேவைப்பட்டால் இருப்பிடச் சான்று. இ-சேவை மையத்தில் ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். வருமானச் சான்றை மட்டும் கடைசியாக எடுங்கள், பழையதாகிவிட்டால் மறுபடி கேட்பார்கள். முதல் பட்டதாரிச் சான்று குடும்பத்தில் யாரும் டிகிரி முடிக்காதபோது கிடைப்பது. கல்விக் கட்டணச் சலுகை அதை வைத்துத்தான் வருகிறது, 'அது எதுக்கு' என்று விட்டுவிடாதீர்கள்.

பழங்குடிப் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்று தாசில்தார் அலுவலகத்தோடு முடியாது, கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு தொன்மைப் பழங்குடிகள் இருக்கும் மாவட்டம் இது. விசாரணைக்கு ஆள் வர வேண்டும், விண்ணப்பம் மேலே போக வேண்டும், நாளாகும். பணியர் வீட்டுப் பிள்ளை ஒன்று பன்னிரண்டு வரை வந்துவிட்டது என்றால் அதன் சாதிச் சான்று கையில் இருக்கிறதா என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள். அப்பா அம்மாவிடமோ கூடப்பிறந்தவர்களிடமோ இருந்தால் அதன் நகலையும் சேர்த்து வையுங்கள்.

1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் எங்கும் இருக்கிறார்கள். அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களே அவர்களுக்கு வேலை கொடுக்க உருவானவைதான். இந்த வீடுகளில் சான்றிதழுக்குப் போனால் 'பழைய ஆவணம் என்ன இருக்கிறது' என்ற கேள்வி வரும். தாத்தா, பாட்டி வந்தபோது கொடுத்த குடும்ப அட்டை, பாஸ்போர்ட் எங்கே என்று இப்போதே தேடச் சொல்லுங்கள். பெட்டிக்கு அடியில், சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும். லேமினேஷன் செய்யாமல் நகலெடுத்து வையுங்கள்.

பெயர்ப் பிழை இருந்தால் பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளி நாமினல் ரோல் (தேர்வு எழுதுபவர்களின் பெயர்ப் பட்டியல்) அனுப்பும் முன் திருத்துங்கள். மதிப்பெண் பட்டியல் அச்சாகி வந்தபிறகு திருத்துவது மாதக்கணக்கில் இழுக்கும். அப்புறம் பிள்ளையின் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, அதில் ஆதார் இணைப்பு. புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் கல்லூரி படிக்கும்போது மாதம் 1,000 ரூபாய் அந்தக் கணக்குக்குத்தான் வரும். ஒரு ஈமெயிலும் உருவாக்கி, அதன் பாஸ்வேர்டை உங்கள் போனில் வைக்காமல் பிள்ளையின் நோட்டில் எழுதி வையுங்கள்.

படிப்பு

காலை ஆறு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ் என்பது கீழே நடக்கும். கூடலூர், பந்தலூர் பக்கம் அந்த நேரத்தில் தோட்டப் பாதையில் யானை நிற்கும். மாலையில் கடைசி பஸ்ஸை விட்டால் வீடு போய்ச் சேர முடியாது. ஆகவே படிப்பை லைனிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுத் திண்ணை, நான்கைந்து பிள்ளைகள், ஒரு சார்ஜ் விளக்கு, ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை. நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். டிவி சத்தம் வராத வீடாகப் பாருங்கள்.

மார்க் எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைக்குக் காட்டுங்கள். பன்னிரண்டில் கணக்கு எழுத்துத் தேர்வு 90, அதில் ஒரு மார்க் கேள்விகள் மட்டும் 20. இயற்பியல், வேதியியல் எழுத்துத் தேர்வு 70, அதில் ஒரு மார்க் 15. அந்தக் கேள்விகளில் பெரும்பாலானவை புத்தகத்தின் பாட முடிவிலேயே இருக்கின்றன. நான் முதலில் செய்யும் வேலை இதுதான். ஒரு பாடத்தின் ஒரு மார்க் கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதி டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுக்கச் சொல்வது. விடையோடு, மற்ற மூன்றும் ஏன் தப்பு என்றும் சொல்ல வேண்டும். அந்த இரண்டாவது பாதியில்தான் பாடம் புரிகிறது.

கட்ஆஃப் கணக்கையும் பிள்ளையே போட்டுப் பார்க்கட்டும். பொறியியலுக்குக் கணக்கு மார்க் அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதி பாதி. கணக்கு 82, இயற்பியல் 76, வேதியியல் 80 என்றால் 82, 38, 40 சேர்த்து 200க்கு 160. கணக்கில் ஐந்து மார்க் கூடினால் 165. இயற்பியலில் ஐந்து கூடினால் 162.5தான். இதைப் பார்த்த பிறகு எந்தப் பாடத்துக்கு ராத்திரி அரை மணி கூடக் கொடுப்பது என்று பிள்ளையே முடிவு செய்துகொள்ளும்.

நீட் பற்றி மனம் திறந்து பேசுங்கள். 180 கேள்வி, 720 மார்க், மூன்று மணி நேரம். சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழியும். தமிழிலும் எழுதலாம். உயிரியல் மட்டும் 90 கேள்வி. பயோ எடுத்த எல்லாப் பிள்ளையும் எழுதியே ஆக வேண்டும் என்று நான் சொல்வதில்லை. எழுத விரும்பும் பிள்ளையைத் தடுப்பதும் இல்லை. ஆனால் நீட் இல்லாமல் பன்னிரண்டு மார்க்கிலேயே மாநிலக் கலந்தாய்வில் கிடைக்கும் பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம் போன்றவற்றைப் பற்றியும் அதே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். வேளாண் பல்கலைக்கழகத்தின் வனக் கல்லூரி மலை இறங்கியதும் மேட்டுப்பாளையத்தில் இருக்கிறது. காட்டோடு வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு அப்படி ஒரு படிப்பு இருப்பதே தெரியவில்லை.

நீட் தேர்வு நாள் மே முதல் ஞாயிறை ஒட்டி வரும். அப்போது மலையில் சீசன். மேட்டுப்பாளையம் பாதையில் சுற்றுலா வண்டி நகராமல் நிற்கும், குன்னூர் வழி ஏறவும் கோத்தகிரி வழி இறங்கவும் என்று ஒருவழிப் பாதை ஆக்கியிருப்பார்கள். மதியம் 1.30க்கு மேல் மையத்துக்குள் விட மாட்டார்கள். ஹால் டிக்கெட்டில் மையம் கோவை என்று வந்தால் முதல் நாளே இறங்கிவிடுங்கள். முழுக்கை உடை, ஷூ கூடாது என்பதால் அரைக்கைச் சட்டையும் செருப்பும் போட வேண்டும். விடியற்காலை ஸ்வெட்டர் இல்லாமல் எங்கள் பிள்ளைகளால் பஸ் ஏற முடியாது. போட்டுக்கொண்டு போகட்டும், வாசலில் கழற்றி வாங்கிக்கொள்ள உடன் ஒருவர் போங்கள்.

விண்ணப்பமும் கலந்தாய்வும்

ஒரே விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். பொறியியல் தனி, அரசு கலை அறிவியல் கல்லூரிகள் தனி, வேளாண்மை தனி, கால்நடை தனி, சட்டம் தனி, மருத்துவமும் துணை மருத்துவப் படிப்புகளும் தனி. பொறியியலுக்குப் பதிவுக் கட்டணம் 500 ரூபாய், எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு 250. எது எப்போது முடிகிறது என்று ஒரு காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டுங்கள். கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்பே முடிக்க வேண்டும் என்பது எங்கள் திண்ணையின் விதி. ஏன் என்று மேலே சொன்னதிலிருந்தே புரிந்திருக்கும். சந்தேகம் என்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணுக்குப் பேசலாம்.

எந்தக் கனவு இருந்தாலும் அரசு கலைக் கல்லூரிக்கு ஒரு விண்ணப்பம் போட்டு வையுங்கள். ஊட்டி அரசு கலைக் கல்லூரி 1955இலிருந்து இருக்கிறது, கூடலூரிலும் அரசுக் கல்லூரி இருக்கிறது. வீட்டிலிருந்து அனுப்ப மாட்டோம் என்று அடம்பிடிக்கும் அப்பாவிடம் பேச்சைத் தொடங்கவாவது அது உதவும்.

பொறியியல் கலந்தாய்வில் கல்லூரி விருப்பப் பட்டியல் நிரப்பும்போது பிள்ளைகள் செய்யும் பிழை ஒன்றே ஒன்று. 'இது கிடைக்காது' என்று நினைத்து நல்ல கல்லூரியைக் கீழே போட்டுவிடுவார்கள். கம்ப்யூட்டர் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வரும். உங்கள் தரவரிசையில் இடம் இருக்கும் முதல் வரியைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். ஆகவே கிடைக்கிறதோ இல்லையோ, மிகவும் பிடித்தது முதலில். எத்தனை வேண்டுமானாலும் போடலாம். பத்தோடு நிறுத்தாமல் ஐம்பது, அறுபது வரை போடுங்கள். ஒதுக்கீடு வந்ததும் ஏற்றுக்கொள்வதா, ஏற்றுக்கொண்டு மேலே உள்ளதற்குக் காத்திருப்பதா என்று கேட்கும். இரண்டாவதைத் தேர்ந்தால் கையில் இருப்பது போய்விடுமோ என்று பயப்படுவார்கள். போகாது, மேலே கிடைத்தால்தான் இது விடும்.

ரிசல்ட் வந்த மறுநாளே லைனுக்கு ஏஜென்ட் வருவார். நர்சிங் இலவசம், ஸ்காலர்ஷிப், வெளிமாநிலத்தில் கல்லூரி, இன்றைக்கே ஒரிஜினல் கொடுத்தால் சீட் உறுதி என்பார். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மாற்றுச் சான்றிதழைக் கொடுத்துவிட்டு, கல்லூரி பிடிக்கவில்லை என்று திரும்பி வந்தபோது அதை வாங்க 40,000 ரூபாய் கேட்டார்கள். அட்வான்ஸ் வாங்கிக் கொடுத்துத்தான் அந்த அம்மா மீட்டார். யாராக இருந்தாலும் நகல் மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். நர்சிங் கல்லூரி என்றால் நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று நீங்களே இணையத்தில் பாருங்கள்.

சேர்ந்த பிறகு மூன்று மாதம்

சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று நான் முதலில் நினைத்திருந்தேன். கோவை வெயில், விடுதிச் சாப்பாடு, இங்கிலீஷில் பாடம், பக்கத்தில் உட்கார்ந்தவன் கையில் லேப்டாப், இவை எல்லாம் சேர்ந்து முதல் மாதத்திலேயே பிள்ளையை மலைக்குத் திருப்பி அனுப்பிவிடும். ஆயுதபூஜை லீவுக்கு வந்த பையன் ஒருவன் திரும்பிப் போகவே இல்லை. கேட்டால், 'அங்க பேசறதுக்கு ஆள் இல்லக்கா' என்றான். அவ்வளவுதான் காரணம்.

அதனால் இப்போது சேர்க்கும் முன்பே அதே கல்லூரியில், இல்லாவிட்டால் அதே ஊரில் படிக்கும் நம் பக்கத்துப் பிள்ளை ஒருவரின் எண்ணை வாங்கிக் கொடுத்துவிடுகிறேன். ஆதிதிராவிடர் நல விடுதி, பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் தங்குவதும் சாப்பாடும் இலவசம், சேர்ந்த வாரமே விண்ணப்பிக்க வேண்டும். கல்வி உதவித்தொகைக்கும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் பதிவுக்கும் கல்லூரி அலுவலகத்தில் எந்த மேசை என்று முதல் நாளே பிள்ளையோடு போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு போன் செய்யுங்கள். படிப்பைப் பற்றிக் கடைசியில் கேளுங்கள். முதலில் சாப்பிட்டாயா, யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய் என்று கேளுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து 'தனியாத்தான்' என்று பதில் வந்தால், அடுத்த பஸ் ஏறி ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.